புலிக்கும் ஆட்டுக்கும் ஒரே வள்ளம்

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்து நிற்கும்போது எங்கள் அப்பாச்சி ஒரு புதிர் போடுவார். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் அக்கரை சேர்க்க வேண்டும். தோணிக்காரனோடு ஒரு தடவையில் ஒன்றைத்தான் ஏற்றலாம். அவன் பக்கத்தில் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். உங்களுக்கும் தெரிந்ததுதான். இப்போது அது இணையத்தில் விளையாட்டாகக் கிடக்கிறது; ஆட்டில் விரலை வைத்தால் ஆடு வள்ளத்தில் ஏறும்.

நான் பள்ளியில் கணினி படிப்பிப்பவள். தரம் 10 பிள்ளைகளுக்குத் துவித எண்களை, அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதும் எண்களை, நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். இக்கரை 0, அக்கரை 1. தோணிக்காரன், புலி, ஆடு, புல் என்று நாலு இடம். 0000 இல் தொடங்கி 1111 இல் முடிய வேண்டும். மொத்தம் 16 நிலைகள். அவற்றில் ஆறில் ஏதோ ஒன்று தின்னப்பட்டுவிடும். மிச்சம் பத்தையும் கொப்பியில் வட்டமாகப் போட்டு, ஒரே ஓட்டத்தில், அதாவது தோணி ஒருமுறை கரை மாறுவதில், போகக்கூடியவற்றைக் கோட்டால் இணைக்கச் சொல்வேன். 7 ஓட்டத்தில் கரை சேர இரண்டு வழிகள் இருப்பது அப்போது தெரியும். இரண்டிலும் கொண்டுபோன ஆட்டைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் சிக்குவது அங்கேதான். கொண்டுபோனதை யாராவது திருப்பிக் கொண்டு வருவார்களா?

கூகுள் உருவாக்கிய, கணினி நிரல் எழுதப் பழக்கும் பிளாக்லி விளையாட்டுகளில் ஒரு புதிர்ப்பாதை உண்டு. கட்டளைக் கட்டைகளைப் பொருத்தினால் பொம்மை நடக்கும். மூன்றாவது கட்டத்தில் பாதை நீளம், ஆனால் இரண்டே கட்டைகள்தான் வைக்கலாம். 'முன்னே போ' என்பதை அடுக்கிப் பார்த்து, கட்டை போதாமல், திரும்பச் செய்யச் சொல்லும் கட்டையைப் பிள்ளை தானாகத் தேடும். லூப் என்றால் என்ன என்று நான் பலகையில் எழுதி விளங்கப்படுத்தியதை விட அந்தத் தட்டுப்பாடு நன்றாகப் படிப்பிக்கிறது.

விளையாட்டு என்றால் எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. கண்டபடி தட்டிக்கொண்டே இருந்தாலும் சிலவற்றில் வெல்லலாம். அதில் படிக்க ஒன்றுமில்லை. அதனால் என் வகுப்பில் ஒரு கணினிக்கு மூன்று பேர். மௌஸ் பிடிப்பவர் வாய் திறக்கக்கூடாது, மற்ற இருவரும் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். "அங்கால போ" என்றால் அசையமாட்டார். எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று சொன்னால்தான் அசைவார். சிரிப்பும் சண்டையுமாக இருக்கும், பக்கத்து வகுப்பு ரீச்சர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

போன தவணை ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், ரெண்டு புலி என்றால்?" இடம் ஐந்து, நிலைகள் 32. சரி, போட்டுப் பாருங்கள் என்றேன். பெரிய தாளில் வட்டம் போட்டுக் கோடு இழுத்தார்கள். 00000 இலிருந்து எந்தக் கோட்டில் போனாலும் 11111 வரவில்லை. பிழை விட்டோமோ என்று திரும்பப் போட்டார்கள். பிழை இல்லை, அதற்கு வழியே கிடையாது. அப்புறம் அவளே கேட்டாள், தோணியில் இன்னொரு சாமானுக்கும் இடமிருந்தால் சரிவருமா என்று.

இன்றிரவு வீட்டில் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.