ட்ரையவுட் முதல் ஹானர் சொசைட்டி வரை: அமெரிக்க ஹைஸ்கூலில் பாடத்துக்கு வெளியே என்ன நடக்கிறது?

[திரை: ஃப்ரிட்ஜ் கதவு. காந்தத்தில் செருகிய நாலைந்து தாள்கள்.]

வணக்கம். ஒன்பதாம் கிளாஸ் போகப்போகிற பிள்ளை இருக்கும் வீட்டில் ஜூலை மாதம் ஃப்ரிட்ஜ் கதவு இப்படித்தான் இருக்கும். மருத்துவப் பரிசோதனைப் படிவம், ட்ரையவுட் தேதி, கிளப் பட்டியல், பேண்ட் கேம்புக்கு வாங்க வேண்டிய சாமான் கணக்கு. எதில் கையெழுத்துப் போடுவது, எதைக் குப்பையில் போடுவது என்று நமக்குப் பிடிபடாது. நாம் படித்த பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் கிடையாது.

நான் இருப்பது டெக்சஸில், டாலஸ் பக்கம். அதனால் உதாரணங்கள் இந்தப் பக்கத்தவை. உங்கள் மாநிலத்தில் சில்லறை விவரங்கள் மாறும், அடிப்படை அதேதான்.

[திரை: மூன்று கட்டம் போட்ட காலண்டர். இலையுதிர், குளிர், வசந்தம்.]

முதலில் விளையாட்டு. பள்ளி வருஷத்தை மூன்று சீசனாகப் பிரித்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் ஃபுட்பால், வாலிபால், கிராஸ் கன்ட்ரி. குளிரில் பாஸ்கெட்பால், மல்யுத்தம், நீச்சல். வசந்தத்தில் பேஸ்பால், சாஃப்ட்பால், ட்ராக். ஒவ்வொன்றிலும் மேல் அணி வார்சிட்டி, அதற்குக் கீழே ஜே.வி., பெரிய பள்ளியென்றால் ஒன்பதாம் கிளாஸுக்குத் தனி அணி. ஜே.வி. என்றால் இரண்டாந்தரம் என்று நினைத்துப் பிள்ளையிடம் முகம் சுளிக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் அங்கே ஓரிரு வருஷம் இருந்துதான் மேலே போகிறார்கள்.

அணியில் சேர ட்ரையவுட் உண்டு. இங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் கோட்டை விடுகிறோம். இலையுதிர் கால ஆட்டங்களுக்கான தேர்வு, பள்ளி திறப்பதற்கு முன்பே, ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். அந்த வாரம் நாம் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ கல்யாணத்தில் இருப்போம். டிக்கெட் போடும் முன் கோச்சுக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள். அப்புறம் அந்த மருத்துவப் படிவம். டாக்டர் கையெழுத்து இல்லாமல் முதல் நாள் மைதானத்தில் கால் வைக்க விடமாட்டார்கள்.

ஒரு சலுகையும் உண்டு. பாஸ்கெட்பாலிலும் வாலிபாலிலும் பலரைக் கழித்துவிடுவார்கள்; பதினைந்து இடத்துக்கு அறுபது பேர் நிற்கலாம். கிராஸ் கன்ட்ரியிலும் ட்ராக்கிலும் பெரும்பாலான பள்ளிகள் யாரையும் கழிப்பதில்லை. வந்து ஓடினால் அணியில் இடம். ஒன்பதாம் கிளாஸ் வரை எந்த விளையாட்டும் ஆடாத பிள்ளைக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

[திரை: அதிகாலைப் பூங்கா. புல்வெளியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. மடக்கு நாற்காலிகள்.]

எங்கள் பெண் ஓடியது கிராஸ் கன்ட்ரியில்தான். பொதுவாக 5 கிலோமீட்டர், புல்லிலும் மேட்டிலும். ஒரு சனிக்கிழமை அவள் 41-வதாக வந்தாள். "நாற்பத்தொண்ணா?" என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் அணியே குதித்துக்கொண்டிருந்தது. கணக்கு பிறகுதான் புரிந்தது. ஒரு அணியில் ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவான அணி ஜெயிக்கும். ஒன்று முதல் ஐந்து வரை ஒரே அணி வாரிக்கொண்டால் 15, அதற்குக் கீழே போக வழியில்லை. அன்றைக்கு எங்கள் அணியின் ஐந்தாவது ஆள் இவள். எதிர் அணியின் ஐந்தாவது ஆள் 48-வதாக வந்தாள். அந்த ஏழு இடத்தில் ஜெயித்தார்கள். ராங்க் கார்டு பார்த்தே வளர்ந்த எனக்கு, 41 என்ற எண்ணைக் கொண்டாட ஒரு காலை முழுக்கத் தேவைப்பட்டது.

[திரை: இரவு. வெளிச்சம் பாய்ந்த ஸ்டேடியம்.]

இன்னொரு கோடியில் ஃபுட்பால். வெள்ளிக்கிழமை இரவு ஊரே கூடும். ஆலன் நகரின் பள்ளி ஸ்டேடியம் 2012-ல் திறந்தபோது 18,000 பேர் உட்காரலாம், செலவு சுமார் 6 கோடி டாலர். ஒரு ஹைஸ்கூலுக்கு! கட்டி இரண்டு வருஷத்துக்குள் கான்கிரீட்டில் விரிசல் விட்டு, மூடிச் சரிசெய்து 2015-ல் மறுபடி திறந்தார்கள் என்பது தனிக் கதை.

விளையாடினால் படிப்பு கெட்டுவிடுமே என்று ஊரிலிருந்து பாட்டி கேட்பார். டெக்சஸ் அதற்கு 1984-லேயே சட்டம் போட்டுவிட்டது. பாஸ் ஆகாவிட்டால் ஆட்டம் கிடையாது. மதிப்பெண் காலம் முடியும்போது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே இறங்கினாலும் மூன்று வாரம் போட்டியில் இறங்க முடியாது. ஏ.பி. (ஹைஸ்கூலிலேயே நடத்தும் கல்லூரி அளவுப் பாடம்) போன்ற சில கடினமான பாடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கணக்கில் 68 வாங்கிய நட்சத்திர ஆட்டக்காரன் சீருடை இல்லாமல் ஓரமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் ஜனம் பார்க்க நிற்பதைவிடப் பெரிய இம்போசிஷன் எந்த வாத்தியாரும் கொடுத்ததில்லை.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வருஷம் நினைவில் இருக்கட்டும்: 1972. அந்த வருஷம் வந்த டைட்டில் நைன் என்ற சட்டம், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் என்று பாகுபாடு கூடாது என்றது. அதற்கு முன் நாடு முழுக்க ஹைஸ்கூல் அணிகளில் இருந்த பெண்கள் மூன்று லட்சம்கூட இல்லை. இன்று முப்பது லட்சத்துக்கு மேல்.

ஸ்காலர்ஷிப் கணக்குப் போட்டுக்கொண்டு ஆட விடாதீர்கள். ஹைஸ்கூலில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் கல்லூரி அணிக்குப் போகிறார்கள். ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதே இல்லை.

[திரை: வகுப்பறைக் கதவு. கையால் எழுதிய கிளப் போஸ்டர்கள்.]

அடுத்து கிளப். இது சுலபமானது, அதனால் சீக்கிரம் முடிக்கிறேன். செப்டம்பரில் சந்தை போல ஒரு நாள் வைப்பார்கள். பிள்ளை பதினொரு கிளப்பில் பெயர் எழுதிவிட்டு, கை நிறைய மிட்டாயோடு வீட்டுக்கு வரும். அக்டோபரில் இரண்டு மிஞ்சும். அது சரியான எண்ணிக்கைதான்.

சில கிளப்புகளுக்கு வயது நம் தாத்தாவுக்குச் சமம். சேவைக்கான கீ கிளப் 1925-ல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் தொடங்கியது. விவசாயம் படிக்கும் பிள்ளைகளின் எஃப்.எஃப்.ஏ. 1928-ல். ரோபாட்டிக்ஸில் பிரபலமான ஃபர்ஸ்ட் அமைப்பை டீன் கேமன் 1989-ல் நிறுவினார். அதன் ஹைஸ்கூல் போட்டிக்கான விதிகள் ஜனவரியில் வெளியாகும். அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு உங்கள் பிள்ளையை ராத்திரி ஒன்பது மணிக்குப் பள்ளி ஒர்க்‌ஷாப்பில் போய்த்தான் கூப்பிட்டு வர வேண்டும். உடம்பெல்லாம் இரும்புத்தூள், பசி வேறு.

பள்ளியில் தமிழ் கிளப் இல்லையா? பிள்ளைகளே தொடங்கலாம். 1984-ல் வந்த சம அணுகல் சட்டத்தின்படி, பாடத்தோடு சம்பந்தமில்லாத ஒரு கிளப்பை அனுமதிக்கிற அரசு ஹைஸ்கூல், பேசப்படும் விஷயத்தைக் காரணம் காட்டி இன்னொன்றை மறுக்கக்கூடாது. ஒமாஹாவில் ஒரு மாணவி கிறிஸ்தவ கிளப் கேட்டுப் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-ல் இந்தச் சட்டத்தை உறுதி செய்தது. நடைமுறையில் தேவை, பொறுப்பேற்க ஒரு ஆசிரியர், கொஞ்சம் மாணவர்கள், ஒரு படிவம். முறுக்கு கட்டாயமில்லை, ஆனால் கூட்டம் சேர உதவும்.

[திரை: நான்கு மெழுகுவர்த்திகள், ஒவ்வொன்றாக ஏற்றப்படுகின்றன.]

இப்போது நம் வாட்ஸ்ஆப் குரூப்பில் அதிகமாக அடிபடும் விஷயம்: நேஷனல் ஹானர் சொசைட்டி. சுருக்கமாக என்.எச்.எஸ்.

சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் கௌரவ அமைப்பு இது. பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் 1921-ல் தொடங்கியது. நான்கு தூண்கள்: கல்வி, சேவை, தலைமை, நற்பண்பு. சேர்க்கை விழாவில் ஏற்றும் நான்கு மெழுகுவர்த்தியும் இவற்றுக்குத்தான். தேசிய அளவில் குறைந்தபட்ச ஜி.பி.ஏ., அதாவது மதிப்பெண் சராசரி, 4.0-க்கு 3.0, ஒவ்வொரு பள்ளியும் அதை உயர்த்திக்கொள்ளலாம், பலர் 3.5-க்கு மேல் வைக்கிறார்கள். ஒன்பதாம் கிளாஸில் சேர முடியாது. பத்தாவதிலிருந்துதான்.

நாம் தடுக்கி விழுவது எங்கே என்றால், ஜி.பி.ஏ. வாசல் கதவு மட்டும்தான். அதைத் தாண்டினால் உள்ளே இருப்பது மார்க் இல்லை. ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு, பிள்ளை எழுதிக்கொடுத்த படிவத்தை வைத்துக்கொண்டு மற்ற மூன்று தூண்களையும் பார்த்து ஓட்டுப் போடும். பொறுப்பு ஆசிரியருக்கு அதில் ஓட்டு இல்லை. அவரிடம் போய்க் கெஞ்சிப் பிரயோஜனமில்லை.

எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் பையனுக்கு முதல் தடவை கிடைக்கவில்லை. 4.0 வைத்திருந்தான். நான் கொதித்துப் போய்ப் பள்ளி முதல்வருக்கு ஒன்றரைப் பக்கம் மெயில் எழுதினேன். அனுப்பிய பிறகுதான் அவன் கொடுத்த படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். சேவை என்ற இடத்தில் "தமிழ்ப் பள்ளி, 40 மணி நேரம்" என்று ஒரே வரி. என்ன செய்தான், யார் மேற்பார்வை, ஒன்றும் இல்லை. கையெழுத்துக் கட்டம் காலி. தலைமை என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆறு வயசுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து "ழ" சொல்லிக்கொடுக்கிறவன் அவன். அது தலைமை என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த ஆசிரியர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

முதல்வரின் பதில் மரியாதையாக இரண்டே வரியில் வந்தது. அடுத்த வருஷம் அதே வேலையை ஒழுங்காக எழுதி, தமிழ்ப் பள்ளி ஒருங்கிணைப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தான். கிடைத்தது.

தேர்வாகாவிட்டால் மேல்முறையீட்டுக்குத் தேசிய அலுவலகத்துக்குப் போக முடியாது. உள்ளூர் முடிவில் அவர்கள் தலையிடுவதில்லை. சேர்ந்த பிறகு ஜி.பி.ஏ. இறங்கினாலோ, பரீட்சையில் காப்பி அடித்தாலோ வெளியேற்றலாம். ஆனால் அதற்கு முன் எழுத்தில் தெரிவித்து, விசாரணைக்கு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும்.

பாடவாரியான சொசைட்டிகளும் உண்டு. கணிதத்துக்கு மியூ ஆல்ஃபா தீட்டா, 1957-ல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இசைக்கு ட்ரை-எம். தபாலில் தங்க முத்திரையோடு "உங்கள் பிள்ளை தேர்வாகியிருக்கிறார்" என்று ஒரு கடிதமும் வரும், கூடவே கட்டணச் சீட்டும் இருக்கும். அப்போது ஒரே கேள்வி கேளுங்கள்: உங்கள் பள்ளியில் அதற்குக் கிளையும் பொறுப்பு ஆசிரியரும் இருக்கிறார்களா? இல்லையென்றால் அந்தப் பணத்தில் நல்ல ஓட்டக் காலணி வாங்கலாம்.

[திரை: கல்லூரி விண்ணப்பப் பக்கம். பத்துக் கட்டங்கள்.]

காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் இவையெல்லாம் எங்கே போகின்றன? செயல்பாடுகளுக்குப் பத்து இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. வாரத்துக்கு எத்தனை மணி, வருஷத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். கௌரவங்களுக்குத் தனியாக ஐந்து இடம். என்.எச்.எஸ். உறுப்பினர் என்பது பெரும்பாலும் அங்கே ஒரு வரி, அவ்வளவுதான். நாடு முழுக்க எல்லா ஊரிலும் அதே வரியை எழுதுகிறார்கள். அது கிடைக்காததற்காக வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருக்க வேண்டாம்.

பத்து இடத்தையும் நிரப்பியாக வேண்டும் என்று விதி இல்லை. பள்ளிக்குள் நடந்ததாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பரதநாட்டியம், மிருதங்கம், பகுதி நேர வேலை எல்லாம் எழுதலாம். வீட்டுப் பொறுப்புக்கே ஒரு வகை வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த தாத்தாவை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிற பிள்ளை அதை அங்கே எழுதலாம். நம் வீடுகளில் இதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறோம்.

[திரை: மறுபடி ஃப்ரிட்ஜ் கதவு. ஒரு தாள் மட்டும் பெரிதாக.]

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது. மருத்துவப் படிவத்தை அச்செடுத்து டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். ஜூலைக் கடைசியில் கிடைக்காது. எந்தச் சேவை செய்தாலும் அன்றைக்கே தேதி, மணி, கையெழுத்து. ஒரு நோட்டுப் போதும். அப்புறம் அணியில் பெயர் வந்தவுடன் பெற்றோருக்கு ஒரு பட்டியல் வரும், யார் எந்த வேலைக்கு என்று. டிக்கெட் கவுண்டர் முதல் நாளே நிரம்பிவிடும். பாப்கார்ன் மெஷின் மட்டும் காலியாக இருக்கும். போன வருஷம் நான்தான் நின்றேன். சட்டையில் வெண்ணெய் வாசனை போக மூன்று தடவை துவைத்தாயிற்று.