பதினாறு மணி நேர ஓய்வும் மாறிக்கொண்டே இருக்கும் முகவரியும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ராணுவக் குடும்பங்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்குக் கிடைக்கும் ‘ரெஸ்பைட் கேர்’ என்னும் மாற்றுப் பராமரிப்பு உதவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயிற்சி பெற்ற ஒருவர் சில மணி நேரம் பிள்ளையைப் பொறுப்பேற்றுக்கொள்ள, அந்த நேரத்தில் தாயோ தந்தையோ உறங்கவும், தம் உடம்புக்கு மருத்துவரைப் பார்க்கவும், மற்றப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரவும் இடம் தருவதே இவ்வுதவி. இதைச் சலுகை என்று கருதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. கணவரோ மனைவியோ மாதக்கணக்கில் கப்பலிலோ அயல்நாட்டு முகாமிலோ இருக்க, இரவில் உறங்காத, கதவு திறந்தால் வெளியே ஓடிவிடக்கூடிய பிள்ளையை ஒருவரே காத்துவரும் வீட்டில், பராமரிப்பவர் நோயில் விழுந்தால் கைகொடுக்க அடுத்தவர் இல்லை.

ராணுவத்தாரின் மருத்துவக் காப்பீடான ‘டிரைகேர்’ திட்டத்துக்குள் ‘எக்கோ’ என்றொரு கூடுதல் உதவித் திட்டம் 2005 முதல் நடந்துவருகிறது. பணியில் இருக்கும் படைவீரரின் குடும்பத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு இதன்படி மாதத்துக்கு அதிகபட்சம் 16 மணி நேர மாற்றுப் பராமரிப்பு உண்டு. இரண்டு அலுவலக நாட்களுக்குச் சமமான நேரம் அது. தொடக்கத்தில், அதே மாதத்தில் எக்கோவின் வேறொரு சேவையையும் பெற்றால்தான் இந்த மணிகள் கிடைக்கும் என்று ஒரு விதி இருந்தது. பிற்பாடு அதை நீக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் வேறு இரு விதிகள் வேரோடியிருக்கின்றன. பராமரிப்பாளரை அங்கீகாரம் பெற்ற வீட்டு மருத்துவச் சேவை நிறுவனம் ஒன்றுதான் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் பயன்படுத்தாத மணிகளை அடுத்த மாதத்துக்குச் சேர்த்துவைக்க முடியாது.

ஒரே ஊரில் வேரூன்றி வாழும் குடும்பத்துக்கு இவ்விதிகள் பெரிய இடையூறாக இருக்க மாட்டா. படைவீரரின் குடும்பமோ பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றப்படுகிறது. புதிய ஊரில் மருத்துவர், பள்ளி, ‘ஏபிஏ’ என்னும் நடத்தைப் பயிற்சி அளிப்பவர் என எல்லோரையும் முதலிலிருந்து தேட வேண்டும். படிவங்களை நிரப்புவதே ஒரு முழுநேர வேலையாகிவிடும். பராமரிப்பாளர் ஒருவர் கிடைத்த பிறகும், அன்றாட ஒழுங்கு சற்றுக் குலைந்தாலே தவித்துப்போகும் பிள்ளை, முன்பின் அறியாத அவரைத் தன் அறைக்குள் அனுமதிக்க வாரங்கள் ஆகலாம். அதுவரை தாய் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அந்த மணிகளும் கணக்கில் கழிகின்றன. ஓய்வு மட்டும் கிடைப்பதில்லை. மேலும், வீட்டு மருத்துவச் சேவைப் பணியாளரின் பயிற்சி பெரும்பாலும் உடல்நோய் சார்ந்தது. பேச்சில்லாத பிள்ளை ஏன் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான் என்று புரிந்துகொள்ளும் திறமை வேறு வகையைச் சேர்ந்தது.

மாநில அரசுகள், வருவாய் குறைந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவும் ‘மெடிகெய்டு’ என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டின் வழியாக நடத்தும் வீட்டுப் பராமரிப்புத் திட்டங்கள் பல இடங்களில் இதைவிடத் தாராளமானவை. ஆனால் அவற்றில் சேரப் பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரிசையில் பாதி தூரம் வந்த குடும்பம் வேறு மாநிலத்துக்குப் போனால் அங்கே கடைசி ஆளாக நிற்கும். வெளியூர்ப் பணிக்குப் போன படைவீரரின் பிள்ளைக்கு வரிசையில் இடத்தைக் காத்துவைக்கச் சில மாநிலங்கள் சட்டம் இயற்றியுள்ளன என்றாலும், போய்ச்சேரும் மாநிலத்தின் வரிசைக்கு அது உதவாது. ராணுவ ஊதியம், ஓய்வூதியம் குறித்து ஆராய்ந்த ஆணையம் 2015-இல் அளித்த அறிக்கையில், எக்கோவின் சேவைகளை மாநிலத் திட்டங்களுக்கு இணையாக உயர்த்த வேண்டும் என்று பரிந்துரைத்தது இதனால்தான். அப்பரிந்துரை வந்து பத்தாண்டுகள் கடந்த பின்பும் நாம் அதே 16 மணியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

மணிகள் பயன்படாமல் கிடக்கின்றன, எனவே தேவை குறைவு என்று யாரேனும் வாதிடலாம். அனுப்ப ஆளில்லாத ஊரில் மணிகள் கிடக்கத்தான் செய்யும்; அதைத் தேவையின் அளவாகக் கொள்வது கணக்கைத் தலைகீழாகப் படிப்பது. ஒதுக்கீட்டை உயர்த்துவதற்கு முன்பே செய்யக்கூடிய இரண்டு மாற்றங்களைச் சொல்கிறேன். இடமாற்ற ஆணை வந்த நாள் முதல் ஆறு மாதம் வரையிலாவது, பயன்படாத மணிகளைச் சேர்த்துவைத்துக்கொள்ளக் குடும்பத்துக்கு உரிமை தரலாம். புதிய பராமரிப்பாளர் தாயின் முன்னிலையில் பிள்ளையோடு பழகும் முதல் சில சந்திப்புகளுக்கு அவருக்குரிய ஊதியத்தை அரசு கொடுத்துவிட்டு, அந்த நேரத்தை 16 மணியிலிருந்து கழிக்காமல் விடலாம்.