தென்னை மரத்தைப் பார்த்த கேமரா

வணக்கம். பெங்களூரு அல்சூரில் நாங்கள் இருக்கும் அபார்ட்மெண்டில் போன வருஷம் வண்டிகளில் பெட்ரோல் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. கேட் கேமராவைப் போட்டுப் பார்த்தால் பச்சை விளக்கு எரிகிறது, பதிவும் ஒழுங்காக ஓடியிருக்கிறது, ஆனால் ராத்திரி முழுக்கத் தெரிவது ஒரு தென்னை மரம், ரெண்டு தடவை ஒரு பூனை. யாரோ கேமராவை லேசாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். செக்யூரிட்டி அண்ணனைக் கேட்டேன். "ஓடிட்டுத்தானே சார் இருக்கு?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் தொல்லை.

என் பிழைப்பும் இதுதான், இடம் மட்டும் கிளவுட். நீங்கள் போனில் தட்டும் ஆப் பலவும் வாடகைக் கம்ப்யூட்டர்களில்தான் ஓடுகின்றன. அங்கே யார் எதைத் தொட்டார்கள் என்பதற்கு லாக் என்று ஒரு பதிவேடு உண்டு. அமேசானின் கிளவுட்டில் அதற்குப் பெயர் கிளவுட்டிரெயில், 2013லிருந்து இருக்கிறது. உள்ளே நுழைந்த திருடன் அவசரக்காரனாக இருந்தால் அதை நிறுத்துவான், மாட்டுவான். 'நிறுத்து' என்று அவன் சொன்னதே பதிவாகி, அவனால் அழிக்க முடியாத இடத்தில் 90 நாள் இருக்கும். கெட்டிக்காரன் நிறுத்த மாட்டான், தென்னை மரத்துப் பக்கம் திருப்புவான். யாராவது எதையாவது பார்த்தால் மட்டும் எழுது, மாற்றினால் எழுதாதே என்று ஒரே ஒரு செட்டிங். ஃபைல்கள் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருக்கும். பச்சை விளக்கு!

ஓடுகிறதா என்று கேட்காதீர்கள், எதைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறது என்று கேளுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி ஆபீஸ் பசங்க என்னைக் கண்டாலே டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். லாக் செட்டிங்கை தினம் யாரும் தொடுவதில்லை, அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மணி அடிக்கலாம், தப்பில்லை. யார், எங்கிருந்து, எத்தனை மணிக்கு, யாரிடம் சொல்லிவிட்டு? ஒரு தடவை ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு மணி அடித்தது. பதறி எழுந்து பார்த்தால் எங்கள் பையன்தான், "லாக் பில் எகிறுது சார், குறைச்சேன்" என்கிறான்! அப்புறம் அந்த மணி வேறொரு கிளவுட் கணக்கில் (அக்கவுண்ட்டில்) இருக்க வேண்டும், இல்லையென்றால் வந்தவன் அதையும் கழற்றிவிடுவான்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம். சரி, கூகுள் கிளவுட்டில் நிர்வாகப் பதிவை அணைக்கவே முடியாது, ஆனால் அதை வெளியே அனுப்பும் 'சிங்க்' என்ற குழாயை மாற்றலாம், அதைக் கவனியுங்கள். மைக்ரோசாஃப்டின் கிளவுட்டான அஷ்யூரில், லாக் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் டயக்னாஸ்டிக் செட்டிங்கை யாராவது அழித்தால் கவனியுங்கள். இந்தியாவில் 2022லிருந்து லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவே இருக்கிறது, அதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன். நேரமாகிவிட்டது, வணக்கம்.