இறக்கத்தில் போன நிமிடங்கள்

(போடிநாயக்கனூரில் ஊர் நூலகக் கூட்டம் ஒன்றில் பேசியது. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முன் வரிசையில் எங்கள் அம்மாவோடு ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் அக்காமார் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். காலையில் ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து சோறு கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓட்டுவது மலை சைக்கிள், அதிலும் கிராஸ் கன்ட்ரி என்கிற பிரிவு. நம்ம பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயம் மாதிரி ஒரு ரோட்டில் போய்த் திரும்பி வருவது கிடையாது. மலைச்சரிவில் நாலு முதல் ஆறு கிலோமீட்டர் வரை ஒரு வட்டப் பாதை போட்டிருப்பார்கள். ஏற்றம், கல், மர வேர், ஆளுயரப் பாறையிலிருந்து இறங்கும் இடம், ஒரு சைக்கிள் மட்டும் போகிற ஒற்றையடிப் பாதை எல்லாம் அதற்குள் வரும். எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு அதைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். பெரிய போட்டிகளில் இது ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். 1996இல் அட்லாண்டாவில் இருந்து இது ஒலிம்பிக்கில் இருக்கிறது.

போன பருவத்தில் ஐந்து போட்டிக்குப் போனேன், நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. அதில் இரண்டு போட்டியில் என்னை நடுவில் நிறுத்தி வெளியே அனுப்பினார்கள். ஒன்றில் டயர் கிழிந்தது. இரண்டில்தான் கடைசிச் சுற்று வரை ஓட்டினேன். எதில் எத்தனையாவது இடம் என்று கேட்பவர்களுக்கு முதலில் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன், ஏனென்றால் இந்தப் பந்தயத்தில் முழுச் சுற்றையும் ஓட்டி முடிப்பதே ஒரு பெரிய காரியம்.

நடுவில் ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்பீர்கள். எண்பது சதவீத விதி என்று ஒன்று இருக்கிறது. முதலில் போகிறவர் முதல் சுற்றை 15 நிமிடத்தில் முடித்தார் என்று வையுங்கள், அதில் 80 சதவீதம் 12 நிமிடம். பந்தயம் நடக்க நடக்க நீங்கள் அவரைவிட 12 நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிட்டால், சுற்று முடிகிற இடத்தில் கொடியைக் காட்டி ஓரமாக வரச் சொல்லிவிடுவார்கள். முன்னால் போகிறவர்கள் ஒரு சுற்று அதிகமாக வந்து உங்களை ஒற்றையடிப் பாதையில் பிடித்து, வழி கிடைக்காமல் தவிக்கக் கூடாது என்பதற்காக. நியாயமான விதிதான். முடிவுப் பட்டியலில் பெயரும் இருக்கும், பக்கத்தில் எத்தனை சுற்று பாக்கி என்றும் போட்டிருக்கும். எனக்கு முதல் போட்டியில் இரண்டு சுற்று பாக்கி. அந்தத் தாளை மடித்து அம்மாவிடம் காட்டாமல் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இத்தனைக்கும் ஏறுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முந்தல் செக்போஸ்ட்டில் இருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு, அடிவாரத்துக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர வித்தியாசம், அதை வாரத்துக்கு மூன்று நாள் ஏறுகிறேன். காலையில் முதல் ஜீப்புகள் போன பிறகுதான் கிளம்புவேன். அதற்கு முன்னால் இருட்டில் போவதில்லை, பூப்பாறைப் பக்கம் சாயங்காலம் தங்குவதும் இல்லை. அரிக்கொம்பன் 2023 மே மாதம் கம்பத்துத் தெருவுக்குள் வந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம், யானை நடக்கும் மலையில் சைக்கிள் ஓட்டுகிறவளுக்கு நேரம் காலம் தெரிந்திருக்க வேண்டும். குரங்கணிப் பக்கக் காட்டுப் பாதைகளுக்கும் அனுமதி இல்லாமல் போக மாட்டேன். 2018 மார்ச்சில் அங்கே தீயில் போன உயிர்களை இந்த ஊர் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

சரி, ஏறத் தெரிந்தும் ஏன் பின்தங்கினேன்? இதை எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் என் தம்பி. ஜனவரியில் நடந்த போட்டிக்கு அவனும் வந்தான். ஏற்றம் தொடங்கும் இடம், ஏற்றத்தின் உச்சி, இறக்கத்தின் அடி, மூன்றும் தெரிகிற ஒரு பாறை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, போனில் நேரம் பார்த்து ஒரு நோட்டில் எழுதினான், முதலில் போன பெண்ணுக்கு ஒரு வரி, எனக்கு ஒரு வரி. அந்தப் போட்டியிலும் ஒரு சுற்று பாக்கி இருக்கும்போது என்னை நிறுத்தினார்கள். ராத்திரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நோட்டைப் பார்க்கிறோம். ஒரு சுற்றின் ஏற்றத்தில் நான் அவரிடம் இழந்தது 20 வினாடி. இறக்கத்தில் இழந்தது 2 நிமிடம் 40 வினாடி. ஒரு சுற்றுக்கே மூன்று நிமிடம் என்றால் நாலு சுற்றில் 12 நிமிடம், என்னை வெளியே அனுப்பிய அதே கணக்கு. இரண்டு வருடமாக நெஞ்சு வெடிக்க மலை ஏறிப் பயிற்சி செய்தவள், பந்தயத்தை விட்டுக்கொண்டிருந்தது இறங்குகிற இடத்தில்.

2023 அக்டோபரில் திருவனந்தபுரம் பக்கம் பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் போட்டி நடந்தது, பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியும் அதுதான். பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தேன். அங்கே பாறை இறக்கத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு விஷயம் கவனித்தேன், முன்னால் வந்தவர்களின் சைக்கிளில் இருந்து சத்தமே வரவில்லை. பின்னால் வந்தவர்களிடம்தான் பிரேக் கிறீச்சிட்டது, கல் சிதறியது. அப்போது அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. தம்பியின் நோட்டைப் பார்த்த ராத்திரி புரிந்தது.

இறங்கக் கற்றுக் கொடுத்தவர் அம்மா போகிற ஜீப்பை ஓட்டும் மாமா. கோச் என்று யாரும் எனக்கு இல்லை. மாமா முப்பது வருடமாக மழையிலும் பனியிலும் தோட்டத்து மண்பாதையில் ஆளை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவர். நான் தோண்டிமலையில் சித்தி இருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, அதாவது லயத்துக்குப் பக்கத்தில், தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, ஒரு சரிவில் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். ஜீப்பை ஓரம் கட்டி இறங்கி வந்தார். "தாயி, வளைவுக்குள்ள போயி பிரேக்கத் தொடாத. வளைவு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சுக்க. உள்ள போனப்புறம் அத அது போக்குல விட்டுரு" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். "பள்ளத்தப் பாக்காத, பள்ளத்தப் பாத்தா பள்ளத்துலதான் விழுவ. போற எடத்தப் பாரு."

இந்த இரண்டு வார்த்தையில்தான் என் பருவம் திரும்பியது. சைக்கிளுக்கும் அதே கணக்குதான். சக்கரம் உருண்டால்தான் டயர் மண்ணைப் பிடிக்கும். வளைவுக்குள் பிரேக்கை இறுக்கிச் சக்கரம் நின்றுபோனால் அது வழுக்கும், வண்டி நாம் திருப்புகிற பக்கம் போகாது. முன் பிரேக்குக்குத்தான் பலம் அதிகம், ஆனால் பயத்தில் நாம் பின் பிரேக்கைத்தான் அமுக்குவோம். ஒரே ஒரு விரல் பிரேக்கில், மற்ற விரல்கள் ஹேண்டில்பாரில். சீட்டை விட்டு எழுந்து, இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக, குதிகால் கீழே, முழங்கை வெளியே. எல்லாவற்றையும் விடக் கண். முன் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் கல்லைப் பார்த்துப் பயனில்லை, அதன் மேல் ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. நாலைந்து வண்டி நீளத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகிறது, உடம்புக்குப் பழகப் பிப்ரவரி முழுவதும் ஆனது. ஒரே சரிவை ஒரு நாளைக்கு முப்பது தடவை இறங்குவேன், முதல் பத்து தடவை மெதுவாக.

நம்ம ஊருக்கு இருக்கும் ஒரு பாக்கியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே காலையில் இரண்டு விதமான மலை நமக்குக் கிடைக்கிறது. மெட்டுக்கு இந்தப் பக்கம் காய்ந்த சரிவு, சரளையும் குருணைக் கல்லும், டயருக்கு அடியில் உருளும். மெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கேரளாவுக்குள் இறங்கினால் ஈர மண், ஏலச் செடி நிழல், அழுகிய இலை, மழைக்காலத்தில் அட்டை. சித்தி உப்பும் புகையிலையும் கரைத்துக் காலில் தடவி அனுப்புவார். ஜூன் ஜூலையில் நமக்கு இங்கே சாரலும் காற்றும்தான், அங்கே கொட்டித் தீர்க்கும். ஊர் ஊராகப் போய்ப் போட்டி போடுகிறவர்கள் இப்படி இரண்டு மண்ணைத் தேடி நானூறு கிலோமீட்டர் போகிறார்கள்.

டயர் காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே இருக்கும் பையன்கள் எல்லாரும் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். சைக்கிள் கடையில் போய் "நல்லா கல்லு மாதிரி அடிங்கண்ணே" என்று சொல்லுகிறோம். ரோட்டுக்கு அது சரி, மலைக்குச் சரிப்படாது. கல்லு மாதிரி இருக்கும் டயர் கல்லின் மேல் பட்டுத் துள்ளும், துள்ளுகிற நேரம் முழுக்க அது தரையில் இல்லை, தரையில் இல்லாத டயர் எதையும் பிடிக்காது. பந்தயக்காரர்கள் டியூப் இல்லாத டயர் போட்டு, உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றி, காற்றைக் குறைத்து ஓட்டுகிறார்கள். நான் 50 கிலோ இருக்கிறேன், காய்ந்த பாதைக்கு 20 பி.எஸ்.ஐ., சேற்றுக்கு 17. பம்ப்பில் அளவு பார்த்த பிறகு கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பேன், பாதி பழுத்த கொய்யாக்காய் மாதிரி கொஞ்சம் உள்வாங்க வேண்டும். டிசம்பர் போட்டியில் அந்த அளவுக்கும் கீழே குறைத்துவிட்டேன், கூரான கல்லில் ரிம் வரை இடித்து டயரின் பக்கவாட்டு கிழிந்தது. சீலன்ட் வெள்ளையாகப் பீய்ச்சி அடித்துக் காலெல்லாம் ஒட்டியது, அந்த ஓட்டையை அதனால் அடைக்க முடியவில்லை. வெளியாள் உதவி வாங்க ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் சக்கரம் மாற்றித் தரலாம், அது அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது பந்தயம் எனக்கு முடிந்துபோயிருந்தது.

2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன்காரர் டாம் பிட்காக்குக்கும் நடுவில் டயர் போனது. ஏறத்தாழ 40 வினாடி பின்னால் விழுந்தவர் ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசிச் சுற்றில் பிரான்ஸ்காரர் விக்டர் கொரெட்ஸ்கியைத் தாண்டித் தங்கம் வாங்கினார். அதை நான் போனில் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. சக்கரம் மாற்றும்போது அவர் முகத்தைப் பாருங்கள், ஒரு பதற்றமும் இருக்காது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டியில், எங்கே என்று சொல்லவில்லை, கோட்டில் வந்து நின்ற பிறகு பெண்களுக்கு மட்டும் இரண்டு சுற்றைக் குறைத்தார்கள். வெயில் அதிகம், பெண்பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்றார்கள். உலகப் போட்டிகளில் எலீட் என்கிற முதல்தரப் பிரிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பந்தய நேரம் ஒன்றுதான். இதோ முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்காமார் முதுகில் பை கட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சரிவில் நின்று காய் எடுக்கிறார்கள், யாரும் வந்து இன்றைக்கு வெயில், இரண்டு வரிசையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதில்லை. எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரட்டும்.

மார்ச் கடைசியில் நடந்தது பருவத்தின் ஐந்தாவது போட்டி. பின் வரிசையில்தான் இடம் கிடைத்தது, அதனால் ஒற்றையடிப் பாதை தொடங்குவதற்குள் முடிந்த வரைக்கும் ஆளைத் தாண்ட முதல் 300 மீட்டர் மூச்சைப் பிடித்து மிதித்தேன். சட்டைப் பையில் இரண்டு கடலை மிட்டாய், பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். மூன்றாவது சுற்றில் பெரிய பாறை இறக்கத்தில் எனக்கு முன்னால் போன பெண் பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது. என் சைக்கிளில் சக்கரம் உருளும் சத்தம் மட்டும்தான். அவரை அடுத்த வளைவு முடிகிற இடத்தில் தாண்டினேன், மிதிக்காமலேயே. ஐந்து சுற்றும் முடித்தேன், பதினோராவது இடம். தம்பி நோட்டை நீட்டினான், இறக்கத்தில் சுற்றுக்கு 50 வினாடிதான் போயிருந்தது. இந்தத் தடவை முடிவுப் பட்டியல் தாளை அம்மாவிடம் கொடுத்தேன், அது இன்னும் வீட்டில் சீட்டு நோட்டுக்குள் இருக்கிறது. இந்த சைக்கிளே அம்மா சீட்டு எடுத்த பணத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியதுதான்.

அடுத்த பருவத்துக்கு அந்த 50 வினாடிதான் என் வேலை. பிள்ளைகள் யாராவது கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முந்தல் செக்போஸ்ட் பக்கத்தில் இருப்பேன். கியர் சைக்கிள்தான் வேண்டும் என்பதில்லை. ஹெல்மெட் கட்டாயம், இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும், வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டும். முதல் மாதம் நாம் மேலே ஏறப் போவதில்லை, அடிவாரத்தில் இருக்கும் சின்னச் சரிவிலேயே இறங்கப் பழகுவோம். ஜீப் மாமாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.