வேலூர் லாரிக்கு எந்த பர்மிட் வேண்டும்?

வணக்கம். காட்பாடியில் லோடு ஏற்றிக் கன்னியாகுமரி வரை போய்வர ஸ்டேட் பர்மிட் போதும். அதே லாரி ஆந்திர எல்லையில் இருக்கும் கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டிச் சித்தூருக்குப் போக அது போதாது. 40 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனாலும் வேறு மாநிலம்.

[திரையில்: வேலூர் – சித்தூர் வரைபடம்]

அடிக்கடி எல்லை தாண்டும் வண்டிக்கு நேஷனல் பர்மிட்தான் சரி. இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பர்மிட் 5 வருஷத்துக்குக் கிடைக்கும். ஆனால் அதோடு சேர்ந்த ஆத்தரைசேஷன், அதாவது மற்ற மாநிலங்களில் ஓட்டுவதற்கான அனுமதி, ஒரு வருஷத்துக்குத்தான். அதற்கான கட்டணம் 16,500 ரூபாயை வருஷா வருஷம் கட்ட வேண்டும். கேபினில் இருக்கும் பர்மிட்டில் தேதி பாக்கி இருக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள். ஆத்தரைசேஷன் முடிந்து மாதமாகியிருக்கும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பணம் கட்டிப் புதுப்பிக்கலாம், புரோக்கர் தேவையில்லை.

பழைய லாரி வாங்குகிறவர்கள் கவனியுங்கள்: 12 வருஷம் தாண்டிய வண்டிக்கு நேஷனல் பர்மிட் கிடையாது. மல்டி ஆக்சில் (இரண்டுக்கு மேல் அச்சு உள்ள வண்டி) என்றால் 15 வருஷம். விலை பேசும் முன்பே ஆர்சி புத்தகத்தைப் பாருங்கள்.

[திரையில்: இ-வே பில், வாகன எண் நிரப்பும் பகுதி]

சரி, சரக்குக்கு வருவோம். ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ஷூ போகிறது. தமிழ்நாட்டுக்குள் என்பதால் சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் ஆன்லைனில் எடுக்கும் சீட்டு, வேண்டும். அதுவே சித்தூருக்கு என்றால் 50,000-ஐத் தாண்டினாலே வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கில் பில் செல்லுபடியாகும். வழியில் வண்டி மாற்றினால் புது வாகன எண்ணைப் பதிய மறக்காதீர்கள்.

சின்ன யானை மாதிரி, லோடோடு சேர்த்து 3,000 கிலோவுக்கு மிகாத வண்டி வைத்திருப்பவர்களுக்கு பர்மிட்டே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. இது தெரியாமல் யாரிடமும் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று கட்டாயம். டிஜிலாக்கரில் காட்டினாலும் சட்டப்படி செல்லும்.

அரசிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எஃப்சி, இன்சூரன்ஸ், வரி, பர்மிட் என எல்லாத் தேதியும் அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே வண்டி வைத்துப் பிழைக்கும் ஓட்டுநர் இத்தனை தேதியையும் நினைவில் வைக்க முடியுமா? புதுப்பிப்பை எல்லாம் வருஷத்தில் ஒரே நாளுக்குக் கொண்டுவந்து, ஒரு மாதம் முன்பே அவர் போனுக்குத் தமிழில் தகவல் அனுப்புங்கள்.