செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சம்

நேயர்களுக்கு வணக்கம். தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, பென்னாகரம் எந்தப் பக்கம் போனாலும் செம்மண்தான். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடின் நிறம், துருவின் இனம். இத்தனை இரும்பு காலடியில் கிடந்தும் மண்ணில் வாழும் பாக்டீரியாவுக்கு அது எட்டாக்கனி.

ஏனென்றால் காற்றுப்பட்ட இரும்பு தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். அமிலமோ காரமோ கலக்காத ஒரு லிட்டர் தண்ணீரில் தனித்து மிதக்கும் இரும்பு அயனிகள் சில லட்சம்தான். ஒரே ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிரிவதற்கே ஏறக்குறைய அவ்வளவு வேண்டும்! அதனால் அது சிடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறைச் செய்து வெளியே அனுப்புகிறது. இரும்பைப் பிடித்து வருவதுதான் அதன் வேலை.

இங்கே கடுக்காயைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கடுக்காய்த் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். பழுப்பான சாறு கிடைக்கும். நிலக்கடலை இலை மஞ்சளானால் தெளிக்கிறோமே அன்னபேதி என்ற இரும்பு உப்பு, அதில் ஒரு சிட்டிகை போடுங்கள். சாறு கறுத்துப்போகும். அந்தக் காலத்தில் எழுதும் மையே இப்படிச் செய்திருக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருளில் ஆக்சிஜன் அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரும்பைக் கண்டால் ஜோடியாகப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடிப்பின் நிறம்தான் கறுப்பு.

நம் குடலில் உள்ள ஈ.கோலை பாக்டீரியா செய்யும் என்டிரோபாக்டின் என்ற சிடரோஃபோரிலும் அதே மாதிரி ஆக்சிஜன் ஜோடிகள்தான். ஆனால் ஒரே மூலக்கூறில் மூன்று ஜோடி. இரும்பு அயனியைச் சுற்றி இருப்பதும் ஆறு இடம்: மேலே ஒன்று, கீழே ஒன்று, நாலு பக்கமும் நாலு. ஆறும் நிரம்பிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த மூன்றும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதுதான். ஒரு ஜோடி நழுவினாலும் மற்ற இரண்டும் விடாது, நழுவியதும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். மறுபடி சொல்கிறேன், ஒன்றாகக் கட்டியிருப்பதுதான் பலம். பிடிப்பு எவ்வளவு உறுதி என்று காட்டும் எண்ணை நிலைத்தன்மை மாறிலி என்பார்கள்; இங்கே அது 1 போட்டு 49 பூஜ்யம்.

சரி, இப்படிப் பிடித்ததை விடுவிப்பது எப்படி? செல்லுக்குள் போனதும் ஒரு நொதி என்டிரோபாக்டினையே வெட்டிவிடுகிறது. இரும்பும் ஒரு எலக்ட்ரானைப் பெற்று ஃபெரஸ் என்ற நிலைக்கு மாறுகிறது. ஃபெரஸ் மேல் இந்த ஆக்சிஜன்களுக்கு அவ்வளவு பற்று கிடையாது.

அப்புறம், தக்காளி நாற்றின் வேரை நனைத்து நடுகிறோமே, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா, அதுவும் சிடரோஃபோர் சுரக்கும். மஞ்சள் கலந்த பச்சை நிறம். வேரைச் சுற்றியுள்ள இரும்பை அது எடுத்துக்கொண்டால் நோய்ப் பூஞ்சைக்குத் தட்டுப்பாடு. சூடோமோனாஸ் தரும் பலனில் இதுவும் ஒரு பங்கு.

நேரம் ஆகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். மருந்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடம்பில் இரும்பு சேர்ந்துவிடும். அதை வெளியேற்றப் போடும் டெஸ்ஃபெரியாக்சமின் ஊசி, ஒரு மண் பாக்டீரியாவின் சிடரோஃபோரிலிருந்து வந்தது. வணக்கம்.