மணிக்கு 22 சென்ட் கூலி, அதுவும் சட்டப்படி!

மணிக்கு 22 சென்ட்! 2011-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், குட்வில் என்ற பெரிய தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கிடைத்த கூலி இது. அப்போது அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். உடனே போலீசைக் கூப்பிடாதீர்கள். இதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. அந்தச் சட்டத்துக்கு மாநிலங்கள் எப்படிக் கதவடைக்கின்றன என்பதுதான் இன்றைய வீடியோ.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1938-இல் வந்த கூலிச் சட்டத்தின் 14(சி) பிரிவு, சான்றிதழ் பெற்ற முதலாளி மாற்றுத்திறனாளிக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்கிறது. 1986-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இதற்குக் கீழே போகக் கூடாது என்ற வரம்பும் இல்லை. அவ்வளவுதான்.

சரி, 22 சென்ட் என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? இங்கேதான் ஸ்டாப்வாட்ச் வருகிறது. முதலில், ஊனமில்லாத ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டி மடிக்கிறார் என்று அளக்கிறார்கள். நாற்பது என்று வைத்துக்கொள்வோம். பிறகு மாற்றுத்திறனாளியை உட்காரவைத்து அளக்கிறார்கள். பத்து. அந்த ஊரில் அந்த வேலைக்குக் கூலி 12 டாலர் என்றால், இவருக்கு 3 டாலர். முடிந்ததா? இல்லை. மணிக்கூலி வாங்குபவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபடி அளக்க வேண்டும். மேசை உயரம் சக்கர நாற்காலிக்குப் பொருந்தாமல் இருந்தால்? அந்த வேலையே அவருக்கு ஒத்துவராத வேலையாக இருந்தால்? கடிகாரம் அதையெல்லாம் கேட்காது. பழி முழுவதும் கையின் மீது விழும். பக்கத்து மேசையில் கொட்டாவி விட்டுக்கொண்டே மடிப்பவருக்கோ முழுக் கூலி! மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை யாராவது இப்படி அளந்தால், நான்தான் அவர்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

2015-இல் நியூ ஹாம்ப்ஷயர் இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அடுத்த ஆண்டு மேரிலாந்து. கலிபோர்னியா 2021-இல் சட்டம் இயற்றி, 2025 ஜனவரி முதல் தேதியோடு குறைகூலியை நிறுத்தியது. இல்லினாய் 2025 ஜனவரியில் கையெழுத்திட்டது. அங்கே 2029 இறுதி வரை அவகாசம்.

ஏன் இத்தனை ஆண்டு அவகாசம் என்று எனக்கும் முதலில் எரிச்சல்தான். ஆனால் இந்தத் தடையை எதிர்ப்பவர்களில், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உள்ள வேலைப் பட்டறைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் இருக்கிறார்கள். "இந்தப் பட்டறையை மூடினால் என் பிள்ளை வீட்டிலேயே முடங்கிவிடுவான்" என்பது அவர்கள் கவலை. அதைத் தள்ளிவிட முடியாது. கூலியை மட்டும் உயர்த்திவிட்டு, வெளியே வேலை தேடித் தரவும், கூடவே நின்று பழக்கிவிடவும், போக்குவரத்துக்கும் பணம் ஒதுக்காத மாநிலத்தில் அந்தப் பயம் நிஜமாகிவிடும். அதற்காக 22 சென்ட்டை நியாயப்படுத்த வருபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நாடு முழுவதற்குமே இதை முடிக்க 2024 டிசம்பரில் மத்திய தொழிலாளர் துறை ஒரு விதியை முன்மொழிந்தது. ஆட்சி மாறியது, 2025 ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆக, இப்போதைக்குப் பந்து மாநிலச் சட்டமன்றங்களிடம்தான். உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி ஒருவர் வேலைக்குப் போகிறார் என்றால், அங்கே கூலியை எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.